பாதிரியார் வீட்டுப் பித்தளைச் சக்கரம்

நம்ம வயசுக்காரங்களுக்குத்தான் இது விளங்கும். இந்தக் காலத்துப் பிள்ளைககிட்டச் சொன்னா, "அது என்ன சாமான்னு யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே"ங்குதுக. கேட்டோமே! கேக்காத ஆள் இல்ல. ஆளுக்கொரு பேர் சொன்னாங்க, அதுதான் வினையாப் போச்சு. யுத்தக் காலத்துல வெள்ளைக்காரங்க வீட்டுச் சாமானை ஏலத்துல எடுத்த வீடு நம்ம பக்கம் எம்புட்டோ உண்டு. எதுக்குன்னே தெரியாத ஏதோ ஒண்ணு அந்த வீடுகள்ல ஒரு மூலையில கெடந்திருக்கும். எங்க வீட்ல கெடந்ததைத்தான் சொல்ல வாரேன். இன்னைக்கு யோசிச்சாலும் பாதி எனக்குக் குழப்பம்தான், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

எனக்கு அப்ப எட்டு வயசு. ஒன்பதாகவும் இருக்கலாம். முன்பல்லு விழுந்து முளைச்சிருந்துச்சு, அது மட்டும் நிச்சயம். அப்பா ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல ஃபிட்டர். மில்லுக்குப் பின்னால ஒரே வரிசையா ஏழெட்டு வீடு, எல்லாருக்கும் பொதுவா ஒரு கிணறு. அதுல எங்க வீடு மூணாவது. அப்பா கையில எந்நேரமும் எண்ணெய் வாடை அடிக்கும். சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணக் கண்ணை மூடினாலும் அந்த வாடைதான் முதல்ல வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல மிஷன் பங்களாவுல இருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் வடக்கே எங்கயோ மாத்தலாகிப் போறார், வீட்டுச் சாமான் எல்லாம் ஏலம் விடுறாங்கன்னு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கோவில்ல சொன்னாங்க. அங்க ஒரு சுவர்க்கடிகாரம் இருக்குன்னு அம்மாவுக்கு யாரோ சொல்லிட்டாங்க. மில் சங்கு ஊதுறதை வச்சே உலை வச்சு இறக்குறவளுக்குக் கடிகாரம் எதுக்கு? ஆனா ஆசைப்பட்டுட்டா. அப்பாவும் சட்டை மாத்திக்கிட்டுப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். கடிகாரம் இல்ல. வக்கீல் ஒருத்தர் எடுத்துட்டாராம். அதுக்குப் பதிலா, யாருமே சீண்டாத ஒரு தகரப் பெட்டியும், ஆள் உசரத்துக்கு ஒரு கித்தான் பையும். அம்மா பையை அவுத்துப் பாத்தா. மூணு கம்பு. நல்ல வழுவழுன்னு பிரம்பு மாதிரி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகிக்கிறதுக்குப் பித்தளைப் பூண் போட்டு, நெடுகச் சின்னச் சின்ன வளையம் வச்சு, வளையத்தோட காலைச் செகப்புப் பட்டு நூலால சுத்திக் கட்டியிருந்துச்சு. "கடிகாரம் வாங்கச் சொன்னா கம்பு வாங்கிட்டு வந்திருக்கீக"ன்னா அம்மா. மறுநாளே மூணையும் செருகி நுனியில பழந்துணியைக் கட்டி ஒட்டடை அடிச்சிட்டா. உத்தரம் வரைக்கும் எட்டுச்சு. அதுல அவளுக்குக் கொஞ்சம் கோவம் தணிஞ்சது.

தகரப் பெட்டிக்குள்ளதான் அந்தச் சக்கரம். ரெண்டு உள்ளங்கை சேத்த அகலம், கனத்த பித்தளை, பச்சை பூத்துப் போயிருந்துச்சு. ஓரத்துல மாட்டுக்கொம்புல செஞ்ச ஒரு கைப்பிடி. முதுகுப் பக்கம் ஒரு குமிழ், அதைத் தள்ளிட்டுச் சுத்தினா கர்ர்ர்னு கத்தும். அடியில வளைஞ்ச ஒரு தகடு. உள்ள ஏதோ கயிறு சுத்தி மக்கிப் போய், தொட்டா பொடிப்பொடியா உதிர்ந்தது. நான் நக்கிப் பாத்தேன். ஏன் நக்கினேன்னு கேக்காதீக, அந்த வயசுல எதைத்தான் நக்கல? உப்புக் கரிச்சது. "அப்பா, இது உப்பா இருக்கு"ன்னேன். "வெள்ளைக்காரன் கை வேர்வை, கீழ துப்புட்டி"ன்னா அம்மா.

அப்பா அதைக் கழட்டி மண்ணெண்ணெயில ஊறப் போட்டு, புளி போட்டுத் தேச்சு, மறுபடி பூட்டினார். தங்கமாட்டம் ஆயிருச்சு. ஆனா என்ன சாமான்? மிஷினோடயே கெடக்குறவருக்கு அது தெரியலங்குறதே மானக்கேடா இருந்துச்சு. வர்றவங்க போறவங்களை எல்லாம் கூப்பிட்டுக் கேட்டார். தபாலாபீஸ்ல வேலை பாத்தவர் ஒருத்தர், தந்திக் கம்பி இழுக்குறது இதுன்னார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், பேண்டேஜ் துணி சுத்துற சக்கரம்னு சத்தியம் பண்ணாத குறை. பக்கத்து வீட்டுப் பெத்தம்மா, அவங்க வீட்ல தெலுங்கு பேசுவாங்க, நாங்களும் பெத்தம்மான்னுதான் கூப்பிடுவோம், அவங்க உருட்டி உருட்டிப் பாத்துட்டு, "அய்யய்யோ, இது சர்வே சங்கிலி சுத்துறது, சர்க்கார் சாமான், வீட்ல வைக்காதே"ன்னாங்க. அப்பா எல்லார்கிட்டயும் "இருக்கும், இருக்கும்"னு தலையாட்டுவார். எனக்குத் தலை சுத்தும். ஒரு சாமான் எப்படி மூணு சாமானா இருக்க முடியும்?

இதுல ஒருத்தருக்கும் தோணாத விஷயம், அந்தக் கம்பும் இந்தச் சக்கரமும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம்னு. கம்பு பையில வந்துச்சு, சக்கரம் பெட்டியில வந்துச்சு. கம்பு அம்மா சாமானாச்சு, சக்கரம் அப்பா சாமானாச்சு.

கடைசியில அப்பா ஒரு வேலை செஞ்சார். சக்கரத்தை ஒரு பலகையில திருகாணி போட்டு இறுக்கி, பலகையைச் சுவத்துல அடிச்சார். புதுக்கயிறு சுத்தி, உத்தரத்துல ஒரு வளையத்துக்குள்ள கோத்து, முனையில அரிக்கேன் விளக்கைக் கட்டினார். கைப்பிடியைச் சுத்தினா கர்ர்ர் கர்ர்ர்னு விளக்கு மேல போகும். வேணுங்குற உசரத்துல ஒரு ஆணியைச் செருகி நிறுத்திக்கலாம். அம்மா அரிசி புடைக்கிறப்ப கீழ வரும், எல்லாரும் சாப்பிடுறப்ப நடுவுல நிக்கும். வரிசை வீட்டுப் பிள்ளைக எல்லாம் விளக்கேத்துற நேரத்துக்கு வந்து வாசல்ல குவிஞ்சுரும். நான்தான் சுத்துவேன். அப்ப எனக்கிருந்த பவுசு இருக்கே, சொல்லி மாளாது. ஒரு மாசம் நாங்க ராசா வீட்டுக்காரங்க மாதிரி இருந்தோம்.

அந்தப் பேச்சு மில்லுக்குள்ளயும் போயிருச்சு. "ஃபிட்டர் வீட்டுச் சுவத்துல பித்தளைச் சக்கரம் சுத்துது." யுத்த நேரம், சீமையிலருந்து மிஷின் பாகம் ஒண்ணும் வராது. மில்லுல அப்ப பித்தளைச் சாமான் ரெண்டு மூணு காணாமப் போயிருந்துச்சாம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார், கூட மில் கேட்டு வாட்ச்மேன் அண்ணாச்சி. சூப்பர்வைசர் கெட்டவர் இல்ல. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தார். சக்கரத்தைப் பாத்தார், சுத்தினார், குனிஞ்சு தகட்டுல பொறிச்சிருந்த இங்கிலீஷ் எழுத்தைப் படிச்சார்.

"இது இங்கிலாந்துல செஞ்சதுப்பா. நம்ம மிஷினும் இங்கிலாந்துதான்."

"ஆமாங்க. ஆனா இது ஏலத்துல எடுத்ததுங்க."

"சரி, என்ன சாமான் இது? எதுக்கு உள்ளது?"

அப்பா "தெரியலைங்க"ன்னார்.

"தெரியாத சாமானை எவனாவது ஏலத்துல எடுப்பானா? அதுவும் ஒரு ஃபிட்டரு?"

அதுக்கு என்னத்தைச் சொல்லுறது? கடிகாரம் கிடைக்கலைங்குறதுக்காக எடுத்தேன்னா சொல்ல முடியும்? கூட நின்ன எனக்கே அப்பா முழியைப் பாத்தா சந்தேகம் வரும்போல இருந்துச்சு. கடைசியில சூப்பர்வைசர் சொன்னார்: "நீ நல்லவன்னு தெரியும், அதான் இன்னைக்கே தூக்கிட்டுப் போகாம விடுறேன். இது இருந்த இடத்துலயே இருக்கட்டும். திங்கக்கிழமை காலையில ஸ்டோர்காரரோட வாரேன். அதுக்குள்ள இது என்னன்னு சொல்ல ஒரு ஆளைக் கொண்டா. மில் சாமான்னு ஆயிட்டா வேலையும் போயிரும், போலீசுக்கும் சொல்ல வேண்டியதிருக்கும். பொறவு என் கையில ஒண்ணுமில்ல."

தயவு பண்ணித்தான் விட்டுட்டுப் போனார். அன்னைக்கே கையோட கழட்டிட்டுப் போயிருந்தா எங்களுக்கு எம்புட்டோ நல்லது. இதை இப்பச் சொல்லி என்ன செய்ய?

மறுநாள் ஞாயித்துக்கிழமை. அப்பா கோவிலுக்குப் போகாத ஞாயிறு எனக்கு நினைவு தெரிஞ்சு அது ஒண்ணுதான். என்னைக் கூட்டிக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். அப்பல்லாம் கரி போட்டு ஓட்டுற பஸ், நினைவிருக்கா? பின்னால பானை மாதிரி ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே வரும், மேடு வந்தா எல்லாரும் இறங்கித் தள்ளணும். அப்பா தள்ளுறப்ப யார்கிட்டயும் பேசல. பங்களாவுக்குப் போனா வாசல் பூட்டியிருந்துச்சு. புதுப் பாதிரியார் இன்னும் வரல. பின்னால போனா, பாதிரியாருக்குச் சமைச்சுப் போட்டவர் மட்டும் முட்டி மடக்கி உக்காந்து பாத்திரம் தேச்சுக்கிட்டிருந்தார். வயசானவர், காதுல கடுக்கன் போட்ட ஓட்டை மட்டும் இருந்துச்சு.

அப்பா சக்கரத்தைக் கையாலயே வரைஞ்சு காட்டினார். "பித்தளை. இம்புட்டு அகலம். சுத்தினா கர்ர்ர்ங்கும்."

அவர் சாம்பல் கையோட நிமிந்தார். "அது அய்யாவோட தூண்டில் சாமானுல்ல! கம்பு எங்க?"

"எந்தக் கம்பு?"

"மூணு துண்டாக் கித்தான் பையில இருக்குமே. வளையம் வச்சு."

அப்பா தலையில கை வச்சு அப்படியே தரையில உக்காந்துட்டார். "ஒட்டடைக் கம்பு!"ன்னார்.

சமையல்காரர் பாத்திரத்தை விட்டுட்டு எந்திரிச்சு நின்னு நடிச்சே காட்டினார். வருஷா வருஷம் அய்யா லீவுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடலுக்குப் போவாராம், இவரும் கூடப் போவாராம். இடுப்பளவு தண்ணியில நின்னு கம்பை வீசி விடுவாராம், சக்கரத்துலருந்து கயிறு ஓடிக்கிட்டே இருக்குமாம். மீன் கடிச்சு இழுத்தா அந்தக் கர்ர்ர் சத்தம் கரைக்குக் கேக்குமாம். கடல்காரங்க எல்லாம் வேலையை விட்டுட்டு வேடிக்கை பாப்பாங்களாம். "வலை போட்டு ஒரு படகு அள்ளுறவனுக்கு, ஒரு மீனுக்கு இம்புட்டுச் சாமானான்னு சிரிப்பு. அய்யாவுக்கு அது விளங்காது, தானும் கூடச் சேந்து சிரிப்பாக."

"நான் உப்பா இருக்குன்னு சொன்னேன்ல!"ன்னு நான் கத்தினேன். "பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கு, கடல் உப்பு லேசுல போகாது"ன்னு அவர் எனக்கு ஒரு துண்டு ரொட்டி குடுத்தார். திங்கக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்து சாட்சி சொல்றேன்னு வாக்கும் குடுத்தார். திரும்பி வர்றப்ப அப்பா பஸ்ஸைத் தள்ளின வேகத்துல டிரைவரே திரும்பிப் பாத்தார்.

தெருமுனையிலருந்தே அப்பா கூப்பாடு போட்டுக்கிட்டு வந்தார். "ஏட்டி! மீன் பிடிக்கிற சாமான்ட்டி! நீ ஒட்டடை அடிக்கியே, அது தூண்டில் கம்புட்டி!"

உள்ள போனா சுவத்துல பலகை மட்டும் இருந்துச்சு. நாலு திருகாணி ஓட்டை. அரிக்கேன் விளக்கு தரையில இருந்துச்சு.

அம்மா அடுப்படி நிலையில சாஞ்சு உக்காந்திருந்தா. கேக்குறதுக்கு முன்னாலயே சொல்லிட்டா. "கிணத்துல போட்டுட்டேன். பெத்தம்மா சொன்னாங்க, பித்தளை கையில கிடைச்சாத்தான் கேஸு, கிடைக்கலைன்னா ஒண்ணும் செய்ய முடியாதுன்னு."

அப்பாவுக்கு முதல்ல ஒண்ணும் புரியல. எனக்கும்தான். நான் அப்பா மூஞ்சியைப் பாக்கேன், அம்மா மூஞ்சியைப் பாக்கேன்.

"நான் மில்லுலருந்து எடுக்கலைன்னு உன்கிட்டச் சொன்னேன்ல?"

"சொன்னீக."

"பொறவு?"

அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கிட்டே இருந்தா. "எடுத்தீகளோ எடுக்கலையோ, எனக்கு அது வேண்டாம். நீங்க ஜெயிலுக்குப் போகக் கூடாது. அம்புட்டுத்தான் நினைச்சேன்."

"எடுத்தீகளோ எடுக்கலையோ"ன்னு அப்பா மெள்ளத் திருப்பிச் சொன்னார். அம்மாவைத் திட்டல. கையும் ஓங்கல. கிணத்தடிக்குப் போய்ச் செத்த நேரம் உள்ள எட்டிப் பாத்துக்கிட்டு நின்னார். அன்னைக்கு அவர் சாப்பிடல. அம்மா சாப்பிடல. எனக்குப் பசி. நான் மட்டும் ரெண்டு பேர் பங்கையும் சேத்துச் சாப்பிட்டேன், அதை நினைச்சா இன்னைக்கும் வெக்கமா இருக்கு.

திங்கக்கிழமை சூப்பர்வைசரும் ஸ்டோர்காரரும் வாட்ச்மேன் அண்ணாச்சியும் வந்தாங்க. சமையல்காரரும் சொன்னபடி வந்துட்டார். சுவத்துல பலகை மட்டும் இருக்குறதைப் பாத்ததும் சூப்பர்வைசர் முகம் மாறிப் போச்சு. "எங்கப்பா?"

அப்பா அம்மா பக்கமே திரும்பல. "இந்தப் பிள்ளைதாங்க. நேத்து மத்தியானம் கழட்டி விளையாடிக் கிணத்துல போட்டுட்டுது."

நான் என்ன செய்வேன்? நேத்து மத்தியானம் நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ரொட்டி தின்னுக்கிட்டிருந்தேன். குடுத்த மனுஷர் பக்கத்துலயே நிக்கார். அவர் என்னை ஒரு தடவை பாத்துட்டு, வானத்துல காக்கா பாக்குற மாதிரி தலையைத் தூக்கிக்கிட்டார். சூப்பர்வைசர் என்கிட்டக் குனிஞ்சு, "நீயா போட்ட?"ன்னார். வேதப் பள்ளிக்கூடத்துல பொய் சொன்னா நரகம்னு போன வாரம்தான் சொல்லிக் குடுத்திருந்தாங்க. நான் அப்பாவைப் பாத்தேன். பொய்யே சொல்லாத மனுஷர், கண்ணாலயே கெஞ்சினார். "ஆமா"ன்னேன்.

பெத்தம்மா வீட்ல பாதாளக் கரண்டி இருந்துச்சு. கிணத்துல வாளி விழுந்தா எடுக்குறதுக்கு வச்சிருப்போமே, இரும்பு வளையத்தைச் சுத்திக் கொத்துக் கொத்தாக் கொக்கி தொங்குமே, அதுதான். அப்பாவே இறக்கித் துழாவினார். ரெண்டு தகரக் குவளை வந்துச்சு, யாரோ ஒருத்தர் வீட்டுச் செம்பு வந்துச்சு, அது யாருதுன்னு ரெண்டு வீட்டுக்காரங்க அங்கனயே சண்டையை ஆரம்பிச்சாங்க. அப்பா கயிறை விட்டு விட்டு இழுத்துக்கிட்டே இருந்தார், அவர் கழுத்து நரம்பெல்லாம் புடைச்சிருச்சு. சமையல்காரர் பக்கத்துல நின்னு, "அய்யா மீன் பிடிச்ச சாமானை நீங்க கொக்கி போட்டுப் பிடிக்கீக"ன்னார். யாரும் சிரிக்கல. கடைசியில கொம்புக் கைப்பிடியில கொக்கி மாட்டி, சேறும் தண்ணியுமா சக்கரம் மேல வந்துச்சு.

ஸ்டோர்காரர் துடைச்சுப் பாத்து, "நம்ம கிட்ட இப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்க"ன்னார். அதுலயே முடிஞ்சிருக்கணும். ஆனா சூப்பர்வைசருக்கு ஆர்வம் வந்துருச்சு. எப்படி மீன் பிடிக்கும்னு காட்டச் சொன்னார். அம்மா உள்ளருந்து ஒட்டடைத் துணியை அவுத்துட்டுக் கம்பைக் கதவிடுக்கு வழியா நீட்டினா. சமையல்காரர் செருகினார், அந்த வளைஞ்ச தகடு கம்பு அடியில இருந்த பூணுக்குள்ள போய் வெண்ணெயில கத்தி மாதிரி உக்காந்துச்சு. அப்பா "ஆ"ன்னார், ஃபிட்டரில்லையா. சமையல்காரர் விளக்குக் கயிறைச் சுத்தி, வளையம் வளையமாக் கோத்து, முனையை வாட்ச்மேன் அண்ணாச்சி கையில குடுத்து, "நீங்கதான் மீனு, ஓடுங்க"ன்னார்.

வாட்ச்மேன் அண்ணாச்சி சூப்பர்வைசரைப் பாத்தார். "ஓடும்யா"ன்னார் அவர். ஆறடி ஆள், காக்கி டிரவுசர், பெரிய மீசை, தெருவுல ஓடுறார். சக்கரம் கர்ர்ர்ர்ர்னு கத்துது, கம்பு வில்லா வளையுது, சமையல்காரர் காலை ஊன்றிக்கிட்டு, "விடு, விடு, இப்ப இழு!"ன்னு தானாவே பேசிக்கிறார். வரிசை வீடு மொத்தமும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சது. சூப்பர்வைசர் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. "மத்தியானம் ஷிஃப்டுக்கு வந்துருப்பா"ன்னு அப்பா தோளைத் தட்டிட்டு, "பிள்ளையை அடிக்காதே, தெரியாமத்தானே போட்டுச்சு"ன்னு சொல்லிட்டுப் போனார். அப்பா சக்கரத்தையும் கம்பையும் சமையல்காரர்கிட்டயே குடுத்து அனுப்பிட்டார். அப்பா சிரிச்சாரான்னு யோசிச்சுப் பாக்கேன். நினைவு வரல.

எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் நான் நினைச்சேன். மில்காரங்க வீட்ல பிறந்தவங்களுக்கு மில் கேட்டுச் சோதனை தெரியும். வேலை முடிஞ்சு வெளிய வர்றப்ப துண்டை உதறிக் காட்டணும், தூக்குச் சட்டியைத் திறந்து காட்டணும், ரெண்டு கையையும் தூக்கி நின்னா வாட்ச்மேன் இடுப்பைத் தடவிட்டுப் போகச் சொல்லுவார். அன்னைக்கு வேலை விட்டு வந்த அப்பா வீட்டு வாசல்படி ஏறல. கீழயே நின்னு துண்டை உதறினார். தூக்குச் சட்டி மூடியைத் திறந்து அம்மா பக்கம் சரிச்சுக் காட்டினார். ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னார்.

"பாத்துக்கிட்டியா?"ன்னார்.

மறுநாளும் அப்படியே நின்னார். அதுக்கு மறுநாளும். கோவமா இல்ல, சத்தம் போடல, கேட்டுல நிக்கிற மாதிரியே நின்னுட்டு உள்ள வந்து கை கழுவுவார். வாரக்கணக்குல நடந்துச்சு. அம்மா மெலிஞ்சு போனா. எனக்கு அது ஒரு விளையாட்டாத்தான் தெரிஞ்சது. ஒரு நாள் அம்மாவுக்கு முன்னால நானே ஓடிப் போய், வாட்ச்மேன் அண்ணாச்சி மாதிரி மீசையை முறுக்கி, அப்பா இடுப்பைத் தடவி, "ஒண்ணுமில்ல, போகலாம்!"னு சத்தம் போட்டேன்.

அம்மா வந்து என் கன்னத்துல பளார்னு ஒண்ணு விட்டா. கிணத்துல போட்டது நான்தான்னு ஊரே சொன்னப்பக்கூட விழாத அடி. பொறவு தூக்கின கையோட நின்ன அப்பாகிட்டப் போய், ஒவ்வொரு கையாப் பிடிச்சுக் கீழ இறக்கினா. "நான் நினைச்சது தப்புதான்"னு சொன்னா. தெருவுல ஆள் போய்க்கிட்டிருந்தாங்க, அவளுக்கு அது கவலையில்ல. "தப்புதான், தப்புதான், உள்ள வாங்க."

அப்பா "சட்டியைப் பாக்கலையே"ன்னார்.

அம்மா தூக்குச் சட்டியை வாங்கினா. திறக்கல. மூடியோட அப்படியே இடுப்புல இடுக்கிக்கிட்டு உள்ள போனா. அப்பா பின்னாலயே படியேறிப் போனார். நான் மட்டும் தெருவுல கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, என்னை எதுக்கு அடிச்சாங்கன்னு தெரியாம அழுதுக்கிட்டு நின்னேன்.